சம்பந்திக்கு ஒரு ஸ்லாவியச் சொல்

போன வாரம் உங்களில் ஒருத்தி போனில் கேட்டாள். "மேடம், நம்ம அகராதியில எல்லாத் தொகுதியிலயும் எழுவாய் வடிவம்தான் முதல் வரியில வருது. உறவுப்பெயர்த் தொகுதியில மட்டும் விளி வடிவத்தை முதல்ல வச்சிருக்கீங்க. அச்சுப் பிழையா, வேணும்னு செஞ்சதா?"

வேண்டுமென்று செய்ததுதான். ஏன் என்று போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் வல்லத்திராக்கோட்டையில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் அதைச் சொன்னால், வெறும் பதிப்பு விதியாகப் போய்விடும். அதனால் உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். எனக்கோ இப்போது நேரம் நிறைய இருக்கிறது.

என் மேசைக்கு வந்தவை ஸ்லாவிய மொழிகளின் உறவுப்பெயர்கள். ரஷ்யன், பல்கேரியன், செர்பியன், போலிஷ் என்று இன்று பேசப்படும் மொழிகளை வைத்துக்கொண்டு, அவற்றுக்கெல்லாம் மூத்த ஒரு மொழியில் அந்தச் சொல் எப்படி இருந்திருக்கும் என்று கட்டி எழுப்புவது. அந்த மூத்த மொழியில் ஒரு வரிகூட யாரும் எழுதி வைக்கவில்லை. பேரப்பிள்ளைகளின் மூக்கையும் நெற்றியையும் பார்த்து, படமே இல்லாத பாட்டனின் முகத்தை வரைவது போன்ற வேலை. அப்படி வரைந்த சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுகிறோம். 'இதை யாரும் கண்டதில்லை, ஆனாலும் இருந்திருக்க வேண்டும்' என்று அதற்குப் பொருள்.

அந்த வருடம் நான் எழுதிக்கொண்டிருந்த சொல் *ஸ்வாத்து. கடைசியில் வரும் உகரத்தை முழுசாகச் சொல்லக் கூடாது. நம் குற்றியலுகரம் மாதிரி, உதடு குவியாமல் பாதியில் விட்டுவிட வேண்டும். மணமக்களின் பெற்றோர் ஒருவருக்கொருவர் என்ன முறையோ, அதுதான் பொருள். சம்பந்தி! ஆங்கிலத்தில் இதற்கு ஒற்றைச் சொல் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்லாவியரிடம் இருக்கிறது. அதைக் கண்டபோது தூரத்து ஊரில் நம்மூர் பஸ்ஸைப் பார்த்ததுபோல் எனக்கு ஒரு சந்தோஷம்.

பிறப்பு பற்றிப் பெரிய சண்டை இல்லை. 'ஸ்வ' என்பது வேர். 'தன்', 'தன்னுடைய' என்று பொருள். நாம் சுயம் என்கிறோமே, அதில் இருப்பதும் அதே வேர்தான். ஆக, ஸ்வாத்து என்றால் தன்னவர், தன்னைச் சேர்ந்தவர். நம் சம்பந்தி 'கட்டு' என்ற பொருளிலிருந்து வருகிறது. அவர்களுடையது 'தன்' என்பதிலிருந்து. சண்டை இன்னொரு இடத்தில் இருந்தது. அதே சொல்லுக்குப் பெண் கேட்டு வருகிறவர், கல்யாணத் தூது போகிறவர் என்றும் பல மொழிகளில் பொருள் உண்டு. உறவு முதலா, தூது முதலா? நான் உறவு என்றேன். எங்கள் பதிப்பாசிரியர் தூது என்றார். கடைசியில் என் பக்கம் விட்டுக்கொடுத்தார். உறவை முதல் பொருளாகப் பெரிய எழுத்திலும், பெண் கேட்பதை இரண்டாம் பொருளாகச் சிறிய எழுத்திலும் போட்டேன்.

பிறகு வேற்றுமைகள். ஸ்வாத்து வந்தார். ஸ்வாத்தாவின் வீடு. ஸ்வாத்துவுக்குக் கொடுத்தேன், இங்கே உகரத்தை முழுசாகச் சொல்ல வேண்டும். எழுவாய்க்கும் நான்காம் வேற்றுமைக்கும் வித்தியாசம் அந்த உகரம் குறுகுவதும் குறுகாததும்தான். எல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில், கூப்பிடும்போது வரும் விளி: *ஸ்வாத்தெ! பக்கத்தில் இடம் இல்லாததால் அதை நெருக்கி எழுதினேன். எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அந்த நேரத்தில்தான் பாண்டியின் போன் வந்தது.

"டீச்சர், நீங்க ரஷ்யா பாஷை பேசுவீங்கன்னு அரிமளத்துல சொன்னாங்க."

அரிமளம் என் சொந்த ஊர். நான் டீச்சர் இல்லை என்று அங்கே யாருக்கும் விளக்க முடிந்ததில்லை.

"பேசுவேன். நீங்க யாருப்பா?"

"வல்லத்திராக்கோட்டை டீச்சர். பாண்டி. எங்க அண்ணன் தவறிட்டாங்க. கெணத்தடியில மோட்டார் போடப் போன இடத்துல கரண்டு அடிச்சு... அண்ணி வெளிநாட்டுக்காரங்க, பல்கேரியா. அவுகளோட அம்மா வந்திருக்காங்க. வீட்ல ஒருத்தருக்கும் அவுக பேச்சு புரியலை."

"உங்க அண்ணிக்குத் தமிழ் தெரியாதா?"

"நம்மளவிட நல்லாப் பேசும். அண்ணன் போனதுலேருந்து வாயே தெறக்கலை டீச்சர். எந்தப் பாஷையிலயும்."

எனக்குத் தெரிந்தது ரஷ்யன். பல்கேரியன் படிப்பேன், அதுவும் பழைய ஏட்டுப் பல்கேரியன். இன்றைய பெண் ஒருத்தி அழுதுகொண்டே பேசினால் பிடிபடுமா என்று தெரியவில்லை. அதைச் சொன்னேன்.

"பழசோ புதுசோ, வாங்க டீச்சர். ரெண்டு அம்மாவும் எதிரெதிரா உக்காந்துகிட்டு மொகத்த மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்காங்க. பாக்கச் சகிக்கலை."

பாண்டி கொண்டுவந்த காரில் போகும்போது அவன் சொன்ன கதை இது. அவன் அண்ணன் கணேசன் வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை பார்த்தான். அங்கேயே வரவேற்பில் வேலை பார்த்தவள் ராலித்சா. கல்யாணம் செய்துகொண்டார்கள். அப்பா இறந்ததும் நிலத்தைப் பார்க்க ஆள் இல்லை என்று கணேசன் ஊருக்குத் திரும்பினான். அவளும் கூடவே வந்துவிட்டாள். ராலித்சா என்ற பேர் ஊர் வாயில் நுழையாமல் லலிதா ஆயிற்று. கடலைக் காட்டில் களையெடுக்கிற பெண்களோடு உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு அவர்கள் தமிழே வந்துவிட்டதாம்.

வீட்டுக்குள் நுழைந்தபோது நடு அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். தலையில் கறுப்புத் துணி, மடியில் கைப்பை. பையின் பிடியை இரண்டு கையாலும் பற்றியிருந்தார். பேர் தோன்கா. எதிரே தரையில் ராக்கம்மாள், கணேசனின் தாய். ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். அவர் தோளில் சாய்ந்தபடி செம்பட்டை முடியோடு ராலித்சா. கண் திறந்திருந்தது, எதையும் பார்த்த மாதிரி தெரியவில்லை.

போனை வைத்து மொழிபெயர்க்கப் பார்த்திருக்கிறார்கள். அது அறிவிப்புச் சொல்கிற குரலில் சத்தமாகப் பேசியதாம். ராக்கம்மாள் அதை அணைக்கச் சொல்லிவிட்டார். "எழவு வீட்ல ரேடியோ மாதிரிக் கத்துது" என்றார் என்னிடம்.

தோன்காவிடம் ரஷ்யனில் பேசினேன். பள்ளிக்கூடத்தில் படித்த ரஷ்யன் அவரிடம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. துருப்பிடித்த பூட்டைத் திறப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாக எடுத்தார். இரண்டு பேரும் நொண்டிக்கொண்டே நடந்தோம். ஆனால் போய்ச் சேர்ந்தோம்.

அவர் முதலில் கேட்டது: "என் பெண்ணை என்ன செய்யப் போகிறீர்கள்? இங்கே புருஷன் செத்தால் பெண்ணை மூலையில் உட்கார வைப்பீர்கள் என்று சொன்னார்கள். நான் அவளை அழைத்துப் போக வந்திருக்கிறேன்."

அப்படியே ராக்கம்மாளிடம் சொன்னேன். மென்மையாக்கவில்லை. இரண்டு பேருக்கு நடுவில் உட்காருகிறவர் ஒருவர் வார்த்தையை மெழுகிப் பூசிக் கொடுத்தால், மற்றவர் இல்லாத ஒரு ஆளோடு பேசிக்கொண்டிருப்பார்.

ராக்கம்மாள் கேட்டுக்கொண்டார். கோபம் இல்லை. மருமகளின் தலையைத் தடவியபடியே சொன்னார்: "டீச்சர், அவுகட்ட நான் சம்பந்திங்கிற உரிமையில ஒண்ணு கேக்குறேன்னு சொல்லுங்க. புள்ளைய எனக்குக் குடுத்துட்டுப் போங்க."

சம்பந்தி என்ற சொல் என் காதில் விழுந்ததும் எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. மாதக்கணக்கில் என் மேசையில் கிடந்த சொல் அல்லவா! ஆங்கிலக்காரி வந்திருந்தால் சுற்றி வளைத்திருக்க வேண்டும். இவரிடம் ஸ்வாத்துவின் பெண்பாலான ஸ்வாத்யா என்ற ஒற்றைச் சொல்லில் சொல்லலாம். சொன்னேன். "ஸ்வாத்யாவாக உங்களிடம் கேட்கிறார். பெண்ணைத் தரச் சொல்கிறார்."

ஸ்வாத்யா என்றதும் தோன்காவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அடுத்த கணம் இருண்டது. அந்த நேரம் பார்த்துப் பாண்டி தண்ணீர்ச் செம்போடு உள்ளே வந்தான். கல்யாணமாகாத வாலிபன், இறந்தவனின் தம்பி. தோன்கா அவனைப் பார்த்தார், ராக்கம்மாளைப் பார்த்தார், எழுந்து நின்றுவிட்டார். பை கீழே விழுந்தது.

"சாம்பல்கூட ஆறவில்லை. அதற்குள் பெண் கேட்கிறீர்களா? இவனுக்கா?"

ஓடிப்போய் மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "எழுந்திரு. இப்போதே போகலாம்." ராக்கம்மாள் ஒன்றும் புரியாமல் மருமகளின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். பாண்டி செம்பை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

என்ன நடந்துவிட்டது என்று எனக்கு உடனே தெரிந்தது. நான் சிறிய எழுத்தில் போட்ட இரண்டாம் பொருள் அந்த அம்மா காதில் முதலாவதாக விழுந்திருந்தது. அந்தச் சொல்லையும் 'பெண்ணைத் தா' என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த ஸ்லாவியப் பெண்ணுக்கும் கல்யாணத் தூதுதான் கேட்கும். நம்மிடமும் பெண் கொடுப்பது என்றால் அதுதானே? ஒரு சொல்லின் பிறந்த வீடு நமக்குத் தெரிந்திருக்கலாம். இன்று அது எந்த வீட்டில் வாழ்கிறது என்பது எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும்.

அந்த நிமிஷத்தில் எனக்கு முன்னால் இருந்த வழிகளைச் சொல்கிறேன். நாளை உங்களுக்கும் வரலாம். 'அப்படி இல்லை, இல்லை' என்று தோன்காவைச் சமாதானப்படுத்தலாம். ராக்கம்மாளிடம் 'அந்தம்மா அசதியில இருக்காங்க' என்று ஏதாவது சொல்லி மழுப்பலாம். இரண்டும் சுலபம். ஆனால் அதன்பிறகு நான் சொல்கிற எந்தச் சொல்லையும் இரண்டு பேரும் நம்ப மாட்டார்கள். நம்ப என்னைத் தவிர அவர்களுக்கு வேறு ஆளும் இல்லை.

கையை உயர்த்தி முதலில் தோன்காவிடம், "நிறுத்துங்கள். சொல் என்னுடையது. அவர் அப்படிச் சொல்லவில்லை. கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். பிறகு ராக்கம்மாளிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். "நான் சொன்ன வார்த்தைக்கு அவங்க ஊர்ல பொண்ணு கேக்குறதுன்னும் அர்த்தம் இருக்கு. நீங்க சின்னவனுக்குக் கேக்குறதா நெனச்சுட்டாங்க. அக்கா, நீங்களே சொல்லுங்க. யாருக்குக் கேக்குறீங்க?"

ராக்கம்மாள் பாண்டியை நிமிர்ந்து பார்த்தார். "இந்தப் பயலுக்கா?" அவர் குரல் உடைந்தது. "யாருக்குக் கேப்பேன் டீச்சர். எனக்குத்தான் கேக்குறேன். ரெண்டு புள்ளையில ஒண்ணு போச்சு. இவளும் போயிட்டா நான் யாரைப் பாத்து அழுவேன்?"

ரஷ்யனில் சொன்னேன். "எந்த ஆணுக்கும் இல்லை. தனக்காகக் கேட்கிறார்." மீதியையும் சொன்னேன்.

தோன்கா பிடியை விடவில்லை. ஆனால் இழுப்பதை நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் ராலித்சா வாய் திறந்தாள். தன் தாயின் முகத்தைப் பார்த்து, தெளிவான வல்லத்திராக்கோட்டைத் தமிழில் பேசினாள்.

"அம்மா, கைய விடுங்கம்மா. அத்தை ஒண்ணுமே சாப்பிடலை. நான் பக்கத்துல உக்காந்தாத்தான் தண்ணியாவது உள்ள எறங்குது. இப்ப எப்புடிம்மா நான் வாரது?"

ராக்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். தோன்காவோ மகளின் குரலைக் கேட்டுவிட்ட சந்தோஷத்தில் சிரிக்கப் போனவர், ஒரு சொல்லும் புரியாமல் என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்கிறாள்?"

பெற்ற தாய் தன் மகள் பேசியது என்ன என்று ஒரு மூன்றாம் ஆளிடம் கேட்கிறாள். என் வேலையில் அப்படி ஒரு கேள்வியை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

தமிழில் பேசுகிறோம் என்பது அந்தப் பெண்ணுக்கே தெரியவில்லை. 'ராலித்சா, அம்மாகிட்ட உங்க பாஷையில சொல்லும்மா' என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் இலக்கணப்படி சரி. ஆனால் இத்தனை நாளுக்குப் பிறகு திறந்த வாய். திருத்தினால் மூடிக்கொள்ளுமோ என்று பயம். அது எந்த மொழியில் திறந்ததோ அந்த மொழியிலேயே இருக்கட்டும் என்று விட்டேன். எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம்போல, மகள் சொன்னதைத் தாய்க்கு ரஷ்யனில் சொன்னேன்.

தோன்கா நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்தார், ராக்கம்மாளுக்கு எதிரே, முழங்கால் முட்டுகிற தூரத்தில். ரொம்ப நேரம் அவரையே பார்த்தார். பிறகு ரஷ்யனை விட்டுவிட்டுத் தன் மொழியில் ஒரே ஒரு சொல் சொன்னார்.

"ஸ்வாத்யோ!"

போனில் கேள்வி கேட்டவளுக்குப் பதில் இங்கே இருக்கிறது. தோன்கா சொன்னது ஸ்வாத்யாவின் விளி வடிவம். பல்கேரியன் வேற்றுமைகளை எல்லாம் இழந்துவிட்ட மொழி. 'சம்பந்தியின்', 'சம்பந்திக்கு' என்று உருபு ஏற்ற வடிவங்கள் எல்லாம் காலத்தில் உதிர்ந்துபோயின. அவற்றின் வேலையைச் பெயருக்கு முன்னால் வரும் சின்னச் சின்ன இடைச்சொற்கள் பார்க்கின்றன. நிற்பது விளி ஒன்றுதான். இத்தனையும் உதிர்ந்தபோது அது மட்டும் ஏன் உதிரவில்லை என்று நான் புத்தகங்களில் படித்த விளக்கங்கள் எல்லாம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அன்று அந்தத் தரையில் எனக்குத் தெரிந்தது வேறு. உறவுப்பெயரை யாரும் விளக்கிக்கொண்டு திரிவதில்லை. கூப்பிடுகிறார்கள். கூப்பிட ஆள் இருக்கிற வரை அந்த வடிவம் இருக்கும்.

"என்னன்னு கூப்புடுறாக?" என்றார் ராக்கம்மாள்.

"சம்பந்தின்னு."

"இன்னமுமா?" என்றார் அவர். "எம்மகன் போயிட்டானே டீச்சர். இன்னமும் அந்த மொற இருக்கா?"

அகராதிக்காரியிடம் கேட்கிற கேள்விதான். ஆனால் அதற்கு நான் பதில் சொல்லக் கூடாது என்று தோன்றியது. தோன்காவிடமே கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "கல்யாணம் முடிந்துபோயிருக்கலாம். இது எங்கே முடியும்?" என்றார்.

பிறகு கீழே கிடந்த பையைத் திறந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். உள்ளே கோதுமை. அவர்கள் ஊரில் இறந்தவருக்காகக் கோதுமையை முழுசாக வேகவைத்து, இனிப்புச் சேர்த்து, வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்களாம். அதை உண்பது இறந்தவரின் ஆத்மாவுக்குச் செய்கிற மரியாதை. மருமகனுக்காகச் செய்யலாம் என்று அவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவந்திருக்கிறார். விமான நிலையத்தில் தானியத்தை உள்ளே விடுவார்களோ இல்லையோ என்று பயந்து பயந்து வந்ததாகச் சொன்னார்.

"அடுப்பு எங்கே?" என்றார்.

அன்று அந்த அடுப்படியில் நான் மொழிபெயர்த்தது கொஞ்சம்தான். குக்கர் விசில் எத்தனை வைப்பது என்பதில் ஒரு சின்னத் தகராறு வந்தது. அதை ராலித்சாவே இரண்டு பக்கமும் பேசித் தீர்த்து வைத்தாள். ஒரு வாக்கியம் தமிழ், ஒரு வாக்கியம் பல்கேரியன். நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன். என்னைத் தேட வேண்டியதில்லாமல் போனது எனக்கு நிறைவாக இருந்தது. வெந்த கோதுமையில் நாட்டுச் சர்க்கரை போட்டு, தோன்கா ஒரு கரண்டி எடுத்து ராக்கம்மாள் முன்னால் நீட்டினார். "கணேசனுக்காக" என்றார்.

கணேசன் என்ற பேரை அவர் வாயில் கேட்டதும் ராக்கம்மாள் உடைந்து அழுதார். அழுதுகொண்டே சாப்பிட்டார்.

அந்த வீட்டுக்கு நான் அதன்பிறகும் போனேன். கருமாதி அன்று பங்காளி வீட்டுப் பெண்கள் சிலர், தாலி, பூ, பொட்டு என்று பேச்சை எடுத்தார்கள். ராக்கம்மாள் எழுந்து நின்றார். "எனக்குச் செஞ்சதே எனக்கு இன்னும் ஆறலை. எம்மருமக நெத்தியில ஒருத்தி கை வச்சீங்க, நான் மனுசியா இருக்கமாட்டேன். எல்லாரும் அங்கிட்டுப் போயி எலையப் போடுங்க." தோன்கா என் முழங்கையைத் தொட்டு என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுந்து போய் ராக்கம்மாளின் பக்கத்தில் நின்றுகொண்டார். அதற்கு மொழி தேவைப்படவில்லை.

எல்லாம் முடிந்ததும் தோன்கா என்னை அழைத்து உட்கார வைத்தார். "ஸ்வாத்யாவிடம் சொல்லுங்கள். அவர் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பெண்ணை விட்டுப் போகிறேன். அவள் இங்கே இருக்க விரும்பினால் இருக்கட்டும்."

இதைச் சொல்ல அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவருக்கு அவள் ஒரே பெண்.

ராக்கம்மாள் கேட்டார். கொஞ்ச நேரம் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "குடுத்துட்டாகளா?" என்றார்.

"கொடுத்துட்டாங்க."

"அப்ப அவ எம்பொண்ணு. எம்பொண்ண எங்க அனுப்பணும்னு நாந்தானே சொல்லணும்?" மருமகள் பக்கம் திரும்பினார். "ஆத்தா லலிதா, ஒங்க அம்மாவோட போ. இங்கிட்டுக் கெணத்தடியப் பாக்க ஒன்னால முடியலை. எனக்குத் தெரியும். மொகத்தத் திருப்பிக்கிட்டுத்தான் நீ கொல்லைக்கே போற. கொஞ்ச காலம் அங்க இரு. ஒனக்கு எப்பத் தோணுதோ, அப்ப எனக்குப் போனு போடு."

ராலித்சா அவர் மடியில் தலை வைத்துப் படுத்துவிட்டாள். நான் தோன்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கவில்லை. பாதியிலேயே கண் கலங்கி நிறுத்திவிட்டேன். மீதியை ராலித்சாதான் படுத்தபடியே தன் தாய்க்குச் சொன்னாள். நம் வேலையில் கண் கலங்கக் கூடாது என்று சொல்வார்கள். கலங்கினால் பரவாயில்லை. சொல்லை மாற்றாமல் இருந்தால் போதும்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் என் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெண் கேட்பது என்ற பொருளைச் சிறிய எழுத்திலிருந்து பெரிய எழுத்துக்கு மாற்றினேன். எது முதலில் பிறந்தது என்பதைவிட, எதைக் கேட்டால் ஒருவர் எழுந்து நிற்பார் என்பதும் பதிவில் தெரிய வேண்டும் அல்லவா? பிறகு கடைசி வரியில் நெருக்கி எழுதியிருந்த விளியை எடுத்து முதல் வரியில் வைத்தேன். பதிப்பாசிரியர் மரபை மீறக் கூடாது என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்ப உறவுப்பெயர் எல்லாத்துக்குமே மாத்தணும். ஒண்ணுக்கு மட்டும் மாத்துனா கேள்வி வரும்" என்றார். முழுத் தொகுதியையும் மாற்ற அந்த வருடம் முழுக்க ஆயிற்று.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் ராக்கம்மாள் புதுக்கோட்டையில் என் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்து காபி குடித்து முடிக்கும்வரை வந்த காரியத்தைச் சொல்லவில்லை. ராலித்சாவுக்கு அவள் ஊரிலேயே ஒரு கல்யாணம் கூடியிருக்கிறது. நல்ல பையனாம். போனில் அத்தையிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறாள். நீங்கள் வராமல் கல்யாணம் கிடையாது என்றும் சொல்லிவிட்டாளாம்.

"சந்தோசமாத்தான் இருக்கு டீச்சர். நாந்தானே போன்னு அனுப்புனேன். ஆனா எம்மகன் போட்டோவ ஏறிட்டுப் பாக்க முடியலை."

காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"போறேன்னே வையிங்க. அங்க போயி நான் யாருன்னு நிப்பேன்? பொண்ணு வீடா? செத்தவனப் பெத்தவளா? அந்தப் பையனோட அம்மாவ நான் என்ன மொற சொல்லிக் கூப்புடுறது?"

வாழ்நாளெல்லாம் உறவுப்பெயர் பார்த்தவள் நான். அந்த முறைக்கு எந்த மொழியிலும் என்னிடம் சொல் இல்லை. "தெரியலைக்கா" என்றேன். "போய்ப் பாத்துட்டு வந்து நீங்க எனக்குச் சொல்லுங்க."

பாண்டி அலைந்து பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தான். அவனும் கூடவே போனான். கல்யாணத்தன்று அவனிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. ஒரு தோட்டம், வெள்ளைத் துணி விரித்த மேசைகள், நிறையப் பேர். ராக்கம்மாள் அரக்குப் பட்டுச் சேலைக்கு மேலே யாருடையதோ கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். ஒரு பக்கம் தோன்கா, இன்னொரு பக்கம் புதிதாக ஒரு அம்மா, மாப்பிள்ளையின் தாய். தோன்கா அந்த அம்மாவிடம் ராக்கம்மாளின் தோளைப் பிடித்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அவுக என்ன சொல்றாக? காதுல விழுகுதா?" என்றார் ராக்கம்மாள் திரையை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

விழுந்தது. "இவளுக்கு நாங்கள் இரண்டு அம்மா. உனக்கு இரண்டு ஸ்வாத்யா" என்றார் தோன்கா.

சொன்னேன். அவர் பதில் சொல்வதற்குள் அங்கே மேளமும் குழலும் தொடங்கிவிட்டன. எல்லோரும் கை கோத்து வட்டமாக ஆட ஆரம்பித்தார்கள். அந்தப் புது அம்மா ராக்கம்மாளின் கையைப் பிடித்து இழுத்தார். போன் பாண்டியின் கைக்கு மாறியது. படம் ஆடியது, வானம் தெரிந்தது, யாருடைய செருப்போ தெரிந்தது. பிறகு வட்டத்துக்கு நடுவிலிருந்து ராக்கம்மாளின் குரல், சிரிப்பும் மூச்சிரைப்புமாக:

"ஏய், மெல்ல இழுங்க சம்பந்தி! சேலை தடுக்குது!"